டிவி கம்பெனி கேமராவில் முந்தியது எப்படி?

கேள்வி: எங்கள் பக்கக் கல்யாணங்களில் முன்பெல்லாம் நிக்கான், கேனான்தான். இப்போது பலர் கையில் சோனி. டிவியும் வாக்மேனும் செய்த கம்பெனி இதில் எப்படி முந்தியது?
— வாசகர், காரைக்குடி

பதில்: கேமராவுக்கு முன்பே கேமராவின் கண்ணைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஒளியை மின்சைகையாக்கும் சிப்தான் சென்சார். அதில் ஒரு வகையான சிசிடியில் சோனி இறங்கியது 1970களில். 1997ல் வந்த டிஜிட்டல் மாவிகா கேமரா, படத்தை 3.5 அங்குல ஃப்ளாப்பியில் எழுதியது. படம் வெறும் 640x480 புள்ளிதான். ஆனால் ஃப்ளாப்பியை உருவிக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும், கேபிள் வேண்டாம்.

லென்ஸ் மாற்றும் கேமரா மட்டும் கையில் இல்லை. 2006ல் கோனிகா மினோல்ட்டா கேமரா தொழிலை விட்டபோது அதன் எஸ்எல்ஆர் (லென்ஸ் காட்டும் காட்சியைக் கண்ணாடி வழியே கண்ணுக்குத் திருப்பும் கேமரா) தொழில்நுட்பத்தை வாங்கி, அதே வருஷம் ஆல்ஃபா 100ஐ இறக்கினார்கள். அப்போதும் பெரிய இருவரை அசைக்க முடியவில்லை. உள்ளே இருக்கும் அந்தத் திருப்பும் கண்ணாடியை எடுத்த பிறகுதான் ஆட்டம் மாறியது. 2013ல் கண்ணாடியில்லாத ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) ஆல்ஃபா 7 வந்தது. நிக்கானும் கேனானும் அந்த வகைக்கு வந்தது 2018ல். முதல் ஆல்ஃபா 7ல் பாட்டரி பெருங்குறை: ஒரு சார்ஜுக்குச் சுமார் 340 படம். 2018ல் வந்த ஆல்ஃபா 7 மார்க் 3ல் அது 710 ஆனது. கல்யாணக்காரர்கள் தைரியமாக மாறியது அதற்குப் பிறகுதான்.

சென்சார்தான் பலம் என்பதை நம் செட்டிநாட்டு வீட்டு வளவிலேயே (முற்றத்தைச் சுற்றிய பகுதி) பார்க்கலாம். முற்றத்தில் வெயில் கொளுத்தும், தேக்குத் தூணுக்குப் பின்னால் இருட்டு. 2007ல் வந்த சோனியின் எக்ஸ்மோர் சென்சாரில், புள்ளிகளின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மின்சைகையை எண்ணாக்கும் டிஜிட்டல் மாற்றி சிப்பிலேயே உண்டு. அதனால் இரைச்சல் (இருட்டில் தெரியும் பொடிப்புள்ளிகள்) குறைவு. ரா ஃபைலில் (சென்சார் தந்த தகவல் அப்படியே இருக்கும் ஃபைல்), குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு), வெயில் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளி) வையுங்கள். நிழலைப் பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஏற்றலாம். சுருக்கிச் சேமித்த ஜேபெக்கில் இதைச் செய்தால் நிழல் சகதியாகிவிடும்.

கேள்வி: அப்பாவின் மினோல்ட்டா லென்ஸை ஆல்ஃபா 7ல் மாட்டலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: மாட்டலாம். 1985 முதல் வந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ் என்றால் அது ஏ மவுண்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளைய வகை). அதற்குச் சென்சாரிலிருந்து 44.5 மி.மீ. தூரம் வேண்டும். ஆல்ஃபா 7ல் இருப்பது 18. மீதி 26.5 மி.மீ.யை அடாப்டர் நிரப்பும். லென்ஸின் பின் வளையத்தில் திருகாணித் தலைபோல் ஒரு பள்ளம் தெரிகிறதா? தெரிந்தால் லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மோட்டார் உள்ள எல்ஏ-இஏ4 அடாப்டர் வாங்குங்கள். எல்ஏ-இஏ3 போட்டால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். வாங்குமுன் லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் இழை ஓடினால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்துவிட்டு அடாப்டருக்குச் செலவழிக்கலாம்.