வாசகர் கேள்வி: 29சி பேருந்து

கேள்வி: சென்னையில் 29சி என்ற பேருந்துத் தடத்துக்கு ஏன் இவ்வளவு புகழ்? சில வண்டிகளில் 'கட்' என்று எழுதியிருப்பது எதற்காக?

பதில்: வடக்கே பெரம்பூரையும் தெற்கே பெசன்ட் நகரையும் நேராக இணைக்க இரயில் பாதை கிடையாது என்பதால், புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு வழியாக வண்டி மாறாமல் நகரைக் குறுக்காகக் கடக்கும் இத்தடத்தை மாணவர்களும் அலுவலகம் செல்வோரும் ஒருசேர நம்பினார்கள். நகரப் பேருந்துகளை இயக்க 1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவாகி, 1994இல் அதிலிருந்து வடசென்னைக்கென டாக்டர் அம்பேத்கர் பெயரில் தனிக் கழகம் பிரிந்து, 2001இல் அது மீண்டும் இணைந்தது என நிர்வாகம் பலமுறை மாறியும், பயணிகளின் நாவில் இருபத்தொன்பது சி மாறவே இல்லை. (பல்லவன் என்ற பெயரைக்கூட மூத்தவர்கள் இன்னும் விடவில்லை.)

எண்ணை ஒட்டிய எழுத்து, மூலத்தடத்தின் கிளை என்பதைக் குறிக்கும். 'கட்' என்றால் அந்த வண்டி கடைசி நிறுத்தம் வரை போகாமல் இடையிலேயே திரும்பும் என்று பொருள். நெரிசல் மிகுந்த பகுதிக்குக் கூடுதல் நடைகள் கிடைக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலகையை முழுதாகப் படிக்காமல் ஏறியவர், நடத்துநர் விசில் ஊதி எல்லோரையும் இறங்கச் சொல்லும்போதுதான் விழிப்பார்.