முப்பத்தைந்தாயிரமா, ஆயிரமா? புகைப்படக்காரரின் இணையதளம்

கேள்வி: கும்பகோணத்தில் திருமணப் படங்கள் எடுக்கிறேன், தனி ஆள்தான். இணையதளம் அமைத்துத் தர ஒருவர் 35,000 ரூபாயும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் 8,000 ரூபாயும் கேட்கிறார். நியாயமான விலையா? நானே செய்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். உங்களிடம் வரப்போகும் பெண்வீட்டார் பார்க்க விரும்புவது நாற்பது நல்ல படங்களும், உங்கள் ஊரும், கூப்பிட ஓர் எண்ணும்தான். அதற்கு ஆண்டுதோறும் கட்டாயம் செலவழிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: டொமைன், அதாவது உங்கள் தளத்தின் பெயர். டாட் இன், டாட் காம் இரண்டுமே ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். முதல் ஆண்டுக்கு 99 ரூபாய் என்று போட்டிருந்தால், இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

படங்களை வைக்கும் இடத்துக்கு, அதாவது ஹோஸ்டிங்குக்கு, காசு வேண்டாம். கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற சேவையில் இலவசக் கணக்கு திறந்து, கணினியில் இருக்கும் தளக் கோப்புறையை உலாவியில் அப்படியே இழுத்துப் போட்டால் தளம் வந்துவிடும். ஒரு கோப்பு 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். நாம் போடப்போவது அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. பலரும் சொல்லும் கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான். ஆனால் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், இணைய வணிகம் நடத்தும் இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. தொழில் செய்யும் உங்களுக்கு முதலில் சொன்னதே நிம்மதி.

வடிவமைப்புக்கு எச்டிஎம்எல்5 அப் என்ற தளத்தில் ‘மல்டிவர்ஸ்’, ‘லென்ஸ்’ என்று படக்காட்சிக்காகவே செய்த வார்ப்புருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மல்டிவர்ஸைத் திறந்தால் படங்களுக்கு இரண்டு கோப்புறைகள் இருக்கும்: ஒன்றில் சிறிய படங்கள், இன்னொன்றில் பெரியவை. 01, 02 என்று எண்களே பெயர்கள். உங்கள் படங்களை அதே எண்களில் சேமித்துப் பழையவற்றின் மேல் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி, தளத்தின் எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து ஆங்கில வாக்கியங்களை அழித்து உங்கள் வாக்கியங்களை எழுதுவது. அதில் இருக்கும் தொடர்புப் படிவம் தானாக வேலை செய்யாது. அதை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் இணைப்பைப் போடுங்கள். நம் ஊரில் யாரும் படிவம் நிரப்பிக் காத்திருப்பதில்லை. அடியில் வடிவமைப்பாளருக்கான நன்றி வரியை மட்டும் நீக்காதீர்கள். இலவசமாகத் தருவதற்கு அவர் கேட்கும் விலை அதுதான்.

இதுவும் சிரமம் என்றால், படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளுக்காக மாதச் சந்தா கட்டுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அடோபியின் புகைப்படத் திட்டத்தில் ‘அடோபி போர்ட்ஃபோலியோ’வும் சேர்ந்தே வருகிறது, சொந்த டொமைனையும் அதில் இணைக்கலாம். ஏற்கெனவே காசு கட்டிய பொருளைத் தொடாமலே வைத்திருக்கும் புகைப்படக்காரர்கள் எத்தனையோ பேர். சந்தாவை நிறுத்தினால் தளமும் நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அவர் கேட்ட விலைக்கு வருகிறேன். முன்பதிவு, பணம் செலுத்தும் வசதி, வாடிக்கையாளர் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பக்கம் எல்லாம் செய்து தந்தால் 35,000 அநியாயம் இல்லை. வெறும் படக்காட்சிக்கு அது மிக அதிகம். 8,000 ரூபாய் பராமரிப்பு என்றால் எதைப் பராமரிக்கிறார் என்று எழுதிக் கேளுங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளத்துக்கு அவ்வப்போது புதுப்பிப்பு தேவைப்படும், அதற்கு உழைப்பு உண்டு. மேலே சொன்ன மாதிரித் தளத்தில் அப்படி ஒரு வேலையே கிடையாது. ஆடி மாதம் கல்யாணம் குறைவு. அந்த ஓய்வில் நான்கு மாலைகள் உட்கார்ந்தால் நீங்களே முடித்துவிடலாம்.

கேள்வி: என் தளத்தை அமைத்தவர் டொமைனைத் தன் கணக்கில் வாங்கியிருக்கிறார். வேறு ஆளிடம் மாறப்போகிறேன் என்றதும் தர மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் என் தம்பியின் ஸ்டுடியோ கண்முன் வந்தது. அமைத்துக் கொடுத்தவர் தொழிலை மூடிவிட்டுப் போனார். டொமைன் அவர் மின்னஞ்சலில் இருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயின. ஒரு நாள் தளம் இல்லை. ஆல்பத்தோடு கொடுக்கும் துணிப்பைகள் நானூறு, எல்லாவற்றிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது. தம்பி ஒவ்வொரு பையிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வடிவமைப்பு போனால் வேறு செய்துகொள்ளலாம், இடம் போனால் வேறு இடம் பிடிக்கலாம், பெயர் போனால் திரும்பக் கிடைப்பது பெரும்பாடு. டொமைனை உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண், உங்கள் அட்டையில் நீங்களே வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில், டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரவோ, டொமைனை வேறிடம் மாற்றத் தேவைப்படும் இடமாற்றக் குறியீட்டைத் தரவோ கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். டாட் காம் போன்ற பெயர்களை வாங்கி 60 நாள் ஆகாவிட்டால் டொமைன் விற்கும் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற இயலாது. அந்தக் காரணம் சொன்னால் தேதியைச் சரிபாருங்கள். பணம் கொடுத்த ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அவர் டொமைனுக்கென்று தனியாக வாங்கிய தொகை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பலன் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ‘இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆள் வைத்து நடத்தும் நிறுவனம் அல்ல, சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: தளத்தில் படங்கள் வர நேரமாகிறது, நிறமும் வெளிறித் தெரிகிறது. அதிக விலைக்கு ஹோஸ்டிங் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், கோளாறு படத்தில்தான். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000-க்கு 4000 பிக்சல். ஒன்று 10 எம்பி வரை வரும். நாற்பது படம் என்றால் 400 எம்பி. பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்ப்பவர் அதற்குக் காத்திருப்பாரா? நீளப் பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 75 முதல் 80 என்று வைத்து ஏற்றுமதி செய்தால் பெரும்பாலும் அரை எம்பிக்குள் அடங்கும். நிறம் வெளிறுவது பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமிப்பதால் வருவது. ஏற்றுமதிப் பெட்டியில் அதை எஸ்ஆர்ஜிபி என்று மாற்றுங்கள், அரக்குப் புடவை அரக்காகவே தெரியும். அதே பெட்டியில் இருப்பிடத் தகவலை நீக்கும் குறியையும் போட்டுவிடுங்கள். மணப்பெண் வீட்டு வாசலில் எடுத்த படத்தோடு வீடு இருக்கும் இடமும் ஊருக்குப் போக வேண்டாம்.

கேள்வி: நான் எடுத்த கல்யாணப் படத்தைத் தளத்தில் போட்டேன். எடுத்துவிடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். எடுத்தவன் நான்தானே, உரிமை எனக்கு இல்லையா?

பதில்: வருத்தமான பதில்தான், ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 17 (பி): ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணத்துக்காக எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே. கோயில் கோபுரத்தையோ காவிரிக் கரையையோ நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. கூலிக்கு எடுத்த கல்யாணப் படம் எழுத்தில் இல்லாவிட்டால் அவர்களுடையது. இப்போதைக்கு அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

இனி முன்பணம் வாங்கும் ரசீதிலேயே இப்படி ஒரு வரி சேருங்கள்: ‘படங்களின் காப்புரிமை புகைப்படக்காரருக்கே உரியது. தேர்ந்தெடுத்த படங்களைத் தம் இணையதளத்திலும் சமூக ஊடகத்திலும் அவர் வெளியிடச் சம்மதிக்கிறோம். நாங்கள் வேண்டாமெனக் குறிக்கும் படங்களை வெளியிடமாட்டார்.’ கீழே கையெழுத்து. கடைசி வாக்கியம் இருந்தால் யாரும் கையெழுத்துக்குத் தயங்குவதில்லை. குழந்தைகள் இருக்கும் படங்களைக் கையெழுத்து இருந்தாலும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டே போடுங்கள்.

கேள்வி: டொமைன் மட்டும் வாங்கப் போனேன். மின்னஞ்சல், பாதுகாப்பு என்று மூன்று பொருள்கள் பில்லில் தானாக ஏறிவிட்டன.

பதில்: கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது தவறான வணிக நடைமுறை. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடுக்கும் 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள், பிறகு 1915. இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்காக யாருக்கும் பணம் தராதீர்கள். கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் அது சேர்ந்தே வருகிறது. தானியங்கிப் புதுப்பிப்புக்கு அட்டையில் அனுமதி கொடுத்திருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிடமிருந்து தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியிலேயே நிறுத்தும் வழி இருக்கும். டொமைனுக்குத் தவிர மற்றவற்றுக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள்.