செருப்பு அறை வாசலில் உட்காருங்கள்

அன்புள்ள அண்ணன்,

உங்கள் நேபாள நாட்களைப் பற்றிப் படித்தேன். நானும் 2001-லிருந்து மூன்று வருடம் காத்மாண்டு பக்கத்து ஆனந்தபன் தொழுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணமாகி நாகர்கோவில் வந்தபின் திரும்பிப் போக வாய்க்கவில்லை. வருகிற அக்டோபரில் மகளோடு காத்மாண்டு போகிறேன். என் வார்டில் இருந்தவர்களைப் பார்க்க ஆசை. இரண்டு மூன்று பேரின் ஊர்ப் பெயர் ஞாபகம் இருக்கிறது. நேரே தேடிப் போகலாமா? என்னை யாருக்கு நினைவிருக்கும் என்ற தயக்கமும் இருக்கிறது.

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சிஸ்டர்,

ஆனந்தபனில் நோயாளிகளுக்குக் கைப்பயிற்சி கொடுத்துவந்த நான் 1998-ல் அங்கிருந்து கிளம்பினேன், நீங்கள் 2001-ல் போயிருக்கிறீர்கள். லேலே கிராமத்துக்குப் போகும் அதே மேட்டில் மூச்சு வாங்க ஏறியிருக்கிறோம். கண்டிப்பாகப் போய் வாருங்கள். தசைன் (அவர்களுடைய தசரா) எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். பயணத்தைத் திகார், அதாவது அவர்கள் தீபாவளி, முடிந்தபின் வைத்துக்கொண்டால் நல்லது.

ஆனால் நோயாளிகளின் ஊருக்கு நேரே போகாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2007-ல் நான் போனேன். ஒரு மலைக் கிராமத்தில் வழி கேட்டுக் கேட்டு, என்னிடம் ஏழு மாதம் கைப்பயிற்சி செய்த ஒருவரின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கூடிவிட்ட அக்கம்பக்கத்தாரிடம், மின்சார வேலைக்கு வந்தவர் என்று சொன்னார். டீ கொடுத்தார். பஸ் வரைக்கும் கூட நடந்து வந்தார். அங்கே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இனி வராதீர்கள்" என்றார். கண்ணில் நீர். அவர் மனைவிக்கே தெரியாதாம். மகளுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

தொழுநோய்க்கான பன்மருந்துச் சிகிச்சை 6 மாதத்திலோ 12 மாதத்திலோ முடிந்துவிடுகிறது. தொற்றுவது அதற்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்துவிட்டோம் என்று 2010-ல் நேபாளம் அறிவித்தது. இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் ஆனந்தபனில் இருந்தவர் என்று தெரிந்தால் ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். அதனால் ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் சொல்லி, தகவல் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். படம் எதுவும் எடுக்காமல் போனைப் பைக்குள்ளேயே வைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

கூட வேலை பார்த்த நண்பர்களைப் பார்க்கச் சனிக்கிழமை போங்கள். அங்கே அதுதான் விடுமுறை, ஆராதனையும் அன்றுதான். "ஜெய்மசி" என்று, அங்கே கிறிஸ்தவர்கள் சொல்லும் வணக்கத்தோடு, கும்பிட்டபடி ஒவ்வொருவராக வருவார்கள். 2015 ஏப்ரல் 25-ம் ஒரு சனிக்கிழமைதான். நிலநடுக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டடங்களும் சேதமாயின. அந்த நிலையிலும் அடிபட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், பேச நிறைய வைத்திருப்பார்கள்.

பழைய நோயாளிகளைப் பார்க்க வேறொரு நாள் போய், செருப்புத் தைக்கும் அறை வாசலில் உட்காருங்கள். நோய் போனாலும் உணர்ச்சியற்ற பாதம் அப்படியேதானே இருக்கிறது? அதற்கென்றே மெத்தென்ற ரப்பரில் தைக்கும் எம்.சி.ஆர். செருப்பு தேய்ந்தால் திரும்ப வந்தாக வேண்டும். 2017-ல் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வயதான ஓர் அம்மா வந்து எதிரே நின்றார். முகம் பிடிபடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் வலது கையை நீட்டி, நான்கு விரல்களையும் விறைப்பாக வைத்தபடி, அடிமூட்டை மட்டும் மடக்கினார். நிமிர்த்தினார். மறுபடி மடக்கினார்.

அதற்கப்புறம் எனக்கு அடையாளம் சொல்ல வேண்டுமா? மடங்கிப்போன கை அது. நடுவிரலின் தசைநாணை நான்காகப் பிரித்து நான்கு விரலுக்கும் இணைத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்த அன்று, எந்த விரலை எப்படி அசைப்பது என்று கைக்கே புரியவில்லை. நான் வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் கற்றதை எனக்குத் தெரிந்த அரைகுறை நேபாளியில் சொல்லிக்கொடுத்தேன். தினமும் காலையில் நாற்பது தடவை. இருபது வருடமாகியும் அந்த அசைவு பிசகவில்லை.

"சின்னுபயோ?" என்று கேட்டார். அடையாளம் தெரிகிறதா என்று. தெரிகிறது அக்கா, தெரிகிறது என்றேன். குரல் வரவில்லை.

உங்களை யாருக்கு நினைவிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். புண் கட்டிவிட்ட நர்ஸை அவர்கள் மறப்பார்களா சிஸ்டர்? உங்களுக்குத்தான் முகங்கள் தெரியாமல் போகும். அதற்குக் கூச்சப்படாமல் கையைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த அம்மா உடனே போய்விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டைப் பற்றியெல்லாம் விசாரித்தார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதம் மரத்துப்போகிறது என்று சொல்லிவிட்டேன். உடனே செருப்பைக் கழற்றச் சொன்னார். குனிந்து, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, தினமும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கணும், எண்ணெய் தடவணும், ராத்திரி படுக்கும் முன் விளக்கில் பார்க்கணும் என்று நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் சொன்னார். சர்க்கரைக்காரன் ஊறவைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. நானும் திருத்தவில்லை. மற்ற இரண்டையும் இன்றைக்கும் செய்கிறேன்.

அன்புடன்.