கொழும்புக்குக் கிட்ட, பிள்ளைகள் தாங்களாகவே சுற்றித் திரிய அமைதியான நீர்க்கரை எங்கே?

வெள்ளவத்தையில் மாடிவீட்டில் வளரும் 9, 12 வயதுப் பிள்ளைகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். என் தெரிவு பத்தரமுல்லைக்குப் பக்கத்திலுள்ள தலங்கம குளம். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். அதிகாலையில் போங்கள். நீள விரல் கொண்ட தாமரை இலைக்கோழி, இலை அமிழாமல் அதன்மேல் நடந்து போகும். பொறுமையாகக் குந்தியிருக்கிற பிள்ளைக்குத்தான் அது தெரியும். கரையோர மரங்களில் இலங்கைக்கே உரிய ஊதாமுக மந்தியும் வரும்.

அணைக்கட்டில் வாகனங்களும் போகும், அதனால் எல்லையை முதலிலேயே சேர்ந்து நடந்து காட்டுங்கள்: "இந்த மரம்வரை, தண்ணீரில் கால் வைக்கக் கூடாது." ஆளுக்கொரு விசில், ஒரு கொப்பி. அப்புறம் நீங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்துவிடுங்கள், சும்மா சும்மா கூப்பிடாதீர்கள்.

இரவு தங்க வேண்டுமென்றால் பிலியந்தலைப் பக்கம் பொல்கொட ஏரிக்கரையில் விடுதிகள் உண்டு. ஆனால் அங்கே முதலைகள் இருக்கின்றன. படகென்றால் பெரியவர் துணையும் உயிர்காப்பு அங்கியும் கட்டாயம். கரையில் தனியாக விடவே வேண்டாம்.

முதல் தடவைக்குக் கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா போதும். மரப்பலகை நடைபாதை இருப்பதால் வழி தவறாது.