தோட்டத்து ஓடையில் கிடக்கும் பழைய அணையை உடைத்தால் தண்ணீர் சுத்தமாகுமா, மீன் வருமா?

ஆகும், வரும். ஆனால் முதலில் தண்ணீர் இப்போது இருப்பதைவிட மோசமாகும், அதற்குத் தயாராக இருங்கள். உங்களுடையதும் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் பிடிக்க அந்தக் காலத்தில் எழுப்பிய சின்னச் சுவராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆலையை மூடி, செம்பனைக்கு மாறிய பிறகும் சுவர் மட்டும் நின்றது. பின்னால் தேங்கிய தண்ணீரில் பாசி, வெயில் நாளில் அழுகிய முட்டை நாற்றம். அடித் தண்ணீருக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராமல் இலைதழை அழுகினால் அந்த வாயுதான் கிளம்பும். அப்புறம் நிர்வாகம் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே நாளில் உடைத்துவிட்டது. இத்தனை வருஷச் சேறும் கறுப்பாகக் கீழே இறங்கி, தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் லம்பாம் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன, துணி துவைக்கும் கல் சேற்றில் புதைந்தே போனது. சில மழைக்காலம் போனபின் அடியில் மணலும் கூழாங்கல்லும் தெரிந்தன, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி மீன் மேலே ஏறியது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். பின்னால் ஏறத்தாழ 2 கோடி கன மீட்டர் மண் தேங்கியிருந்தது. மீன் ஏறும் பருவத்தில் வேலையை நிறுத்தினார்கள், கீழே உள்ள ஊரின் குடிநீருக்கு முன்கூட்டியே சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். அதே நாட்டில் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்த 2024 இலையுதிர் காலத்திலேயே சால்மன் மீன் மேலே ஏறிவிட்டது. உடனே 'இவன் குடிதண்ணீர் அணையையும் இடிக்கச் சொல்கிறான்' என்று யாரும் கிளம்ப வேண்டாம், யாருக்கும் பயன்படாத சுவரைத்தான் சொல்கிறேன்.

உடைக்கும் முன் அந்தச் சேற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலாங் என்ற களைப்புல்லைக் கொல்ல ஆர்செனிக் கலந்த மருந்து அடித்த காலம் ஒன்று உண்டு, ஆர்செனிக் மக்கிப் போகிற பொருள் இல்லை. பிறகு பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்தது. எங்கள் அம்மா முதுகில் பம்பு மாட்டி அதைத்தான் அடித்தார், கை நகம் கறுத்து உரிந்து விழும், மறுநாளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். அந்தப் பெண்களில் ஒருவருக்காவது நிர்வாகம் ரத்தப் பரிசோதனை செய்ததா? 2020-இல்தான் அந்த மருந்தை நாட்டில் தடை செய்தார்கள். கேட்டது அணையைப் பற்றி, தெரியும், ஆனாலும் ஓடையில் இறங்கியது அந்த மருந்தும்தானே.

சரி, வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு எழுதிக் கேட்டு, மழை குறைந்த மாதத்தில் சுவரைப் படிப்படியாக இறக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஓடையோரமாக மேலே நடந்து பாருங்கள். செம்பனை ஆலைக் கழிவு வந்து விழுந்துகொண்டிருந்தால் முதல் புகார் சுற்றுச்சூழல் துறைக்குத்தான் போக வேண்டும், சுவரை உடைப்பது அதற்குப் பிறகு.