அம்மாயி, அம்மா, அக்கா... அடுத்தது நானா?

கேள்வி: எனக்கு 26 வயது. இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. அம்மாயியைத் தாத்தா விட்டுவிட்டுப் போனார். அம்மா கோர்ட்டில் தீர்த்துக்கொண்டார். இப்போது அக்காவின் வழக்கு நடக்கிறது. "அந்த வீட்டுப் பொம்பளைங்க வாழ மாட்டாங்க" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாரோ சொன்னதைக் கேட்டு, பெண் கேட்டு வந்தவர்கள் தயங்குகிறார்கள். பையனுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. இது பரம்பரையாக வருமா? பரிகாரம் செய்யலாம் என்கிறார் பெரியம்மா.

பதில்: கொஞ்சம் வரும், தங்கச்சி. ஆறுதலுக்காக "வராது" என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளின் திருமணம் முறியும் வாய்ப்பு சற்று அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 2018இல் வந்த ஒரு சுவீடன் ஆய்வில், தத்துப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் வளர்த்தவர்களைவிடப் பெற்றவர்களையே ஒத்திருந்தார்கள். அதற்காக ரத்தத்தில் விவாகரத்து ஓடுவதாக நினைக்க வேண்டாம். சட்டென்று கொதிப்பது, சின்னதற்கும் கலங்குவது மாதிரியான சுபாவம் வரலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் ஊகம். கோபக்காரர்கள் எத்தனையோ பேர் நன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரிய சண்டை எதுவும் இல்லாமல் பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகளிடம்தான் இது கூடுதலாகத் தொடர்கிறது என்று அமெரிக்க ஆய்வுகளில் கண்டார்கள். அடிதடி நடந்த வீட்டில் அவ்வளவு இல்லை.

சரி, உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். அம்மாயி யாரையும் விடவில்லை, அவரைத்தான் விட்டுப் போனார்கள். போன தாத்தாவின் பெயர் இந்தக் கணக்கில் எங்கே? ஆணைப் பற்றி "அந்த வீட்டு ஆம்பளைங்க நிலைக்க மாட்டாங்க" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை வயதில் கட்டிக்கொடுத்தார்கள்? குடி இருந்ததா? சம்பளம் யார் கைக்குப் போனது? மனைவி கொழுந்தெடுத்த சம்பளத்தையும் புருஷனே வாங்கிப்போவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. அதனால் முறிந்த கல்யாணத்துக்குச் சாபம் எதற்கு?

அக்காவின் வழக்குத் தாள்களைப் படித்துப் பயப்படாதீர்கள். நமக்குப் பொருந்தும் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறை போன்ற இயலாமை. கண்டிப் பகுதிச் சிங்களவர்களுக்கென்று உள்ள கண்டியச் சட்டத்தின் கீழ் பதிந்தவர்கள் இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே பிரியலாம். நமக்கு மாவட்ட நீதிமன்றம்தான், அங்கே யார்மீதாவது குற்றம் சொல்லியே ஆக வேண்டும். ஒத்துப்போகாமல் பிரிகிறவர்கள்கூட ஒருவரை ஒருவர் கறுப்பாக எழுதித்தான் வெளியே வருகிறார்கள். அதை வைத்து அக்காவை எடைபோட முடியாது.

பையனிடம் நீங்களே சொல்லுங்கள், தரகர் வழியாக வேண்டாம். மூன்று கதையையும் அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். அப்புறம் நீங்கள் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே காம்பராவில் மாமியாரோடா, தனியாகவா? உங்கள் சம்பளம் உங்கள் கையில் இருக்குமா? வாரத்தில் எத்தனை நாள் குடிப்பார்? அவர் வீட்டில் சண்டை வந்தால் யார் முதலில் பேசுவார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொன்னால் எனக்கு அவரைப் பிடிக்கும். பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் சண்டையைப் பார்த்திருப்பார்கள், சமாதானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி.

கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தாமல் பதிவும் செய்துகொள்ளுங்கள். பின்னால் ஜீவனாம்சம், பிள்ளையின் பிறப்புப் பதிவு என்று வரும்போது அலைய வேண்டியிருக்காது.

பரிகாரம் பெரியம்மாவின் மனசுக்கு நிம்மதி என்றால் செய்யட்டும். அதற்காகக் கடன் மட்டும் வாங்க வேண்டாம்.