இன்னொரு உபவாசம் வேண்டாம், முதல்ல தூங்குங்க ஐயா

கேள்வி: நெல்லைப் பக்கம் ஒரு சேகரத்துல குருவா (போதகரா) இருக்கேன், அதுக்குள்ள ஏழு கிராம சபை. ஞாயிறு ஆராதனை எல்லாம் முடிச்சு வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் பேசவே பிடிக்கல. பைபிள எடுத்தா அடுத்த வாரப் பிரசங்கத்துக்கு பாயிண்ட் தான் கண்ணுல படுது, எனக்குன்னு ஒரு வசனமும் இல்ல. புதனும் வெள்ளியும் உபவாச ஜெபம் ஆரம்பிச்சுப் பாத்தேன், சோர்வு ஜாஸ்தி தான் ஆச்சு. நான் விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டேனா? (பெயர் வேண்டாம்)

பதில்: பின்வாங்கினவங்க இப்படி லெட்டர் போட்டு கேக்க மாட்டாங்க ஐயா, அந்தப் பயத்த விடுங்க. எனக்கு உறுத்தினது அந்த உபவாசம் தான். ராத்திரி துக்க வீடு, காலைல ஸ்கூல் பிரச்சனை, சாயங்காலம் கமிட்டி சண்டைன்னு அலையிற உடம்புக்கு சோத்தையும் நிறுத்திட்டு, ஆவியில அனல் இல்லையேன்னு கேட்டா எப்படி?

பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சோர்ந்து போற 1 இராஜாக்கள் 19ம் அதிகாரத்த நீங்களே எத்தனையோ தடவ பிரசங்கம் பண்ணிருப்பீங்க. கர்மேல் மலைல அவ்ளோ பெரிய ஜெயம், ஆகாப் ராஜாவுக்கு முன்னால யெஸ்ரயேல் வரைக்கும் ஓட்டம், அப்புறம் ராணி யேசபேல் மிரட்டினதும் எலியா வனாந்தரத்துக்குப் போய் சூரைச்செடி கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவு கேக்குறாரு. நாம பிரசங்கத்துல அங்கருந்து நேரா கர்த்தர் பேசுன மெல்லிய சத்தத்துக்கு தாவிடுறோம். நடுவுல நடந்தத பாருங்க, மனுஷன் தூங்குறாரு, தூதன் தட்டி எழுப்பினா தலமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருக்கு, சாப்பிட்டுட்டு திரும்பவும் படுத்துக்குறாரு, அதுக்கும் ஒரு திட்டு கிடையாது, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிடத் தான் சொல்றான். அப்புறம் ஓரேப் மலைல போய் ரெண்டு தடவையும் அதே புலம்பல். கர்த்தர் அதையும் கேட்டுட்டு துணைக்கு எலிசாவத் தர்றாரு.

ஸ்டான்லி ஜோன்ஸ் கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 1907ல இந்தியாவுக்கு வந்த மிஷனரி, எட்டு வருஷத்துக்கு மேல ஓடி ஓடி உடம்பும் மனசும் விழுந்துருச்சு. லக்னோல ஜெபிக்கும்போது விடுதலை கிடைச்சதத் தான் எல்லாரும் சாட்சியா சொல்றாங்க, அதுக்கு முன்னாடி அவரை ஊருக்கு லீவுல அனுப்பி வச்சத சொல்றதில்ல. அவரே பின்னால 1930ல நைனிடால் பக்கம் சத்தால்ல ஆசிரமம் ஆரம்பிச்சாரு. அப்படி ஒரு இடம் தேவைன்னு பட்டவரு, நீங்க ஒரு நாள் ஒதுங்குனா சோம்பேறின்னா சொல்லப் போறாரு?

அதனால திங்கக்கிழமைய உங்களுக்குன்னு வச்சுக்கோங்க, கமிட்டில வாய்விட்டுச் சொல்லிட்டே வைங்க. சாவு, ஆஸ்பத்திரி தவிர மத்த போன செயலாளர் எடுக்கட்டும். கிராமத்து சாயங்கால ஜெபத்துல பாதிய உபதேசியார்கிட்ட (கிராம சபை ஊழியர்) விடுங்க, அவரு பிரசங்கம் சுமாரா இருந்தா இருக்கட்டும், சபை ஒண்ணும் கவுந்துராது. வேலையப் பிரிச்சுக் குடுன்னு மோசேக்கு மாமனார் சொன்னதும் இதத் தானே.

பைபிள் விஷயத்துல, இந்த வருஷம் பிரசங்கம் பண்ணப் போறதில்லன்னு ஒரு புஸ்தகத்த எடுங்க, பேனா, நோட்டு பக்கத்துலயே இருக்கக் கூடாது. சத்தமா ஒரு அதிகாரம் வாசிச்சுட்டு எழுந்திருச்சுருங்க. கொஞ்ச நாள் ஒண்ணும் தோணாது, பரவால்ல.

மனசு விட்டுப் பேச ஒரு மூத்த போதகரப் புடிங்க, ஆனா உங்க திருமண்டலத்துக்குள்ள (பிஷப்புக்குக் கீழ உள்ள சபைகள்) வேண்டாம், நம்ம சபை எலக்‌ஷன் அரசியல் தெரிஞ்சது தான், இன்னிக்கு அழுதது நாளைக்கு நோட்டீஸ்ல வரும்.

ரெண்டு மூணு வாரம் தூங்கியும் இதே கதைன்னா டாக்டரப் பாருங்க, சுகர், தைராய்டு, ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணுங்க, மன அழுத்தமான்னும் கேளுங்க. எலியா மாதிரி செத்தா போதும்னு தோணுச்சுன்னா அதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, அன்னிக்கே வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.